அம்மாவுக்கு எந்தப் பொக்ஸ் போடலாம்? வன்னி வீடுகளுக்கான ஒரு ஒப்பீடு

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு டிவி வாங்கிக் கொடுப்பது வன்னியில் இப்போது வழக்கமாகிவிட்டது. டிவி வாங்குவதில் பெரிய யோசனை இல்லை, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடைக்குப் போய்ப் பிடித்த அளவில் ஒன்றை எடுத்துக்கொண்டு வரலாம். சனல்களைப் பிடித்து டிவிக்குக் கொடுக்க அதன் பக்கத்தில் வைக்கிற பொக்ஸில்தான் குழப்பம் தொடங்கும். டயலொக் டிஷ்ஷா, டெலிகொம் லைனில் வரும் பியோவா, இந்தியப் பொக்ஸா, கேபிளா, இல்லாவிட்டால் கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்த அன்ட்ரொய்ட் பெட்டியா? போனில் இதைக் கேட்பவர்கள் கையோடு கேட்கிற அடுத்த கேள்வி, "அண்ணை, எதில கனக்கச் சனல் வரும்?"

சனல் எண்ணிக்கையைப் பார்த்துப் பொக்ஸ் எடுக்காதீர்கள். வயதான ஒருவர் ஒரு நாளில் மாறி மாறிப் பார்ப்பது ஐந்தாறு சனல்தான், மிச்சம் இருநூறும் அவர் ரிமோட்டில் தடக்கி விழுகிற இடங்கள். வன்னி வீட்டுக்கு ஒரு பொக்ஸ் சரிவருமா என்று பார்க்க நான் இரண்டு விஷயத்தைத்தான் கேட்பேன். கரண்ட் போய் வந்த பிறகு யாரும் தொடாமல் அது தானாகப் படத்துக்கு வருகிறதா? தனியாக இருக்கும் அம்மா, பக்கத்து வளவுப் பிள்ளையைக் கூப்பிடாமல், தனக்கு வேண்டிய நிகழ்ச்சியைத் தானே தேடி எடுக்க முடிகிறதா? இந்த இரண்டாவது விஷயம் முழுக்க முழுக்கத் திரையில் வரும் நிகழ்ச்சி அட்டவணையில், கடைக்காரர்கள் சொல்கிற 'கைட்'டில் தங்கியிருக்கிறது. பொக்ஸ் விற்கிற ஒருவரும் அந்தக் கைட்டைத் திறந்து காட்டி விற்பதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

இன்று நம் ஊர்க் கடைகளில் ஒரே தட்டில் இருக்கும் பொக்ஸ்கள் எல்லாம் ஒரே காலத்துப் பொருட்கள் இல்லை. அமெரிக்காவில் 1977இல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கியூப் என்ற கேபிள் சேவை வந்தபோது, வீட்டுக்காரரின் கையில் வயரோடு கூடிய ஒரு பொத்தான் பெட்டியைக் கொடுத்தார்கள். 30 சனல், அவற்றில் 10 சனல் பார்த்த படத்துக்கு மட்டும் காசு கட்டுகிற வகை. திரையில் அட்டவணை எதுவும் இல்லை, எந்தப் பொத்தானில் என்ன வரும் என்று ஆட்களே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எண்பதுகளில் ஒரு சனலையே அட்டவணைக்கு என்று ஒதுக்கினார்கள். 1988இல் வந்த பிரிவியூ கைட் அப்படிப்பட்டது. கேபிள் நிலையத்தில் ஒரு அமிகா கணினி ஓடும், அதன் திரைதான் ஊர் முழுக்க உள்ள வீடுகளுக்குப் போகும், நிகழ்ச்சிப் பெயர்கள் கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும், உங்கள் சனல் தப்பிவிட்டால் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கணினி விழுந்துவிட்டால் அதன் பிழைச் செய்திதான் எல்லார் வீட்டு டிவியிலும் தெரியும்.

1994இல் டிரெக்டிவி என்ற செய்மதிச் சேவை வீட்டுக் கூரையில் வைக்கக்கூடிய 18 அங்குல டிஷ்ஷோடு வந்த பிறகுதான், நேரம் மேலே, சனல் பக்கத்தில் என்று கட்டம் கட்டமாக, நாமே ரிமோட்டால் ஏறி இறங்கிப் பார்க்கும் அட்டவணை வீட்டுப் பொக்ஸுக்குள் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். அவற்றின் காப்புரிமைகளை வைத்துக்கொண்டு ஜெம்ஸ்டார் என்ற கொம்பனி பொக்ஸ் செய்கிறவர்கள் பலரை நீதிமன்றத்துக்கு இழுத்தது, 2000இல் டிவி கைட் என்ற பெரிய நிறுவனத்தையே வாங்கிவிட்டது. 1999இல் டிவோ என்ற பதிவுப் பொக்ஸ் வந்தது. அதற்குப் பிறகு அட்டவணையில் ஒரு பெயரைத் தொட்டால் அந்தத் தொடர் எப்போது வந்தாலும் பொக்ஸ் தானே பதிந்து வைத்தது, நேரத்தைப் பார்த்துக் குந்தியிருக்க வேண்டிய தேவை போய்விட்டது. பிறகு இணையம் வந்து கட்டங்களையும் தள்ளிவிட்டு, படங்களை வரிசையாக அடுக்கி 'இது உங்களுக்குப் பிடிக்கும்' என்று சொல்லத் தொடங்கியது.

இந்த எல்லாத் தலைமுறையும் இப்போது பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மிகப் பழையதில் இருந்து தொடங்குகிறேன். அன்ரெனாவை ஒருவரும் ஒரு தெரிவாகவே எண்ணுவதில்லை, அது எனக்குக் கவலை. கொக்காவிலில் 174 மீற்றர் உயரக் கோபுரம் 2011இல் திறக்கப்பட்டது, அதற்கு முன் அங்கே இருந்தது 1990இல் யுத்தத்தில் அழிந்துபோனது. நம் பகுதிக்கு நடுவிலேயே நிற்கிற கோபுரம் அது. ஒரு சதம் மாதக் காசு இல்லை, பொக்ஸ் இல்லை, கைட் இல்லை. சனல் குறைவு, படமும் டிஷ் அளவுக்குத் துப்புரவு இல்லை. ஆனால் மழையில் டிஷ் படம் போன பிறகும் இது வரும். முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்குப் புயல் எச்சரிக்கை கேட்க வேண்டிய நேரமும் டிஷ் வேலை செய்யாத நேரமும் ஒன்றுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். எந்தப் பொக்ஸ் எடுத்தாலும் பழைய அன்ரெனாவைக் கழற்றி எறியாதீர்கள்.

கேபிள் நகரப் பகுதிகளில் கிடைக்கும். சில இடங்களில் அது இன்னும் நேரே டிவியில் குத்துகிற வயர்தான், கைட் என்ற பேச்சே இல்லை, கேபிள்காரர் போட்ட வரிசைதான் வரிசை. பக்கத்தில் ஆள் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்பது இதன் பெரிய பலம். உள்கிராமங்களுக்கு வயர் வராது என்பதால் இதை நீட்டத் தேவையில்லை.

அடுத்தது டிஷ். பெரும்பாலான வீடுகள் இங்கேதான் வந்து நிற்கும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டயலொக் டிவி 2007இல் தொடங்கியது. டிஷ்ஷில் வரும் பொக்ஸுக்கு கைட் எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. இணையத்தில் இருந்து அல்ல, படம் வருகிற அதே அலையில், படத்தோடு சேர்ந்து அட்டவணையும் ஓயாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பொக்ஸ் அதைப் பிடித்துத் தன் நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளும். இப்போது என்ன, அடுத்தது என்ன என்ற தகவல் அடிக்கடி வரும், நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் உள்ளது ஆறுதலாகத்தான் வந்து சேரும். கரண்ட் போனால் அநேகமான சாதாரணப் பொக்ஸ்களில் அடுக்கி வைத்தது எல்லாம் அழிந்துவிடும். கரண்ட் வந்ததும் கைட் பொத்தானை அமத்தினால் கட்டங்கள் வெறுமையாக நிற்கும். பொக்ஸ் பழுது என்று நினைத்துப் பலர் அப்போதுதான் கண்டபடி பொத்தான்களை அமத்தி, மொழியை மாற்றி, சனல் வரிசையை அழித்து, கடைசியில் உண்மையாகவே பழுதாக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் கட்டங்கள் தானாக நிரம்பும். இதை உங்கள் அம்மாவிடம் போனில் ஒருமுறை சொல்லி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில்தான் பொக்ஸ்களின் குணம் வெளியே தெரிந்தது. சில பொக்ஸ்கள் கரண்ட் வந்ததும் தானாக எழுந்து, விட்ட சனலிலேயே வந்து நிற்கும். சில சிவப்பு லைட்டோடு தூங்கிக்கொண்டே இருக்கும், ரிமோட்டில் எழுப்ப வேண்டும். நல்லாக இருக்கும் ஒருவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கண் மங்கிய ஒருவருக்கு, இரண்டு ரிமோட்டில் எது பொக்ஸுக்கு எது டிவிக்கு என்று தெரியாத ஒருவருக்கு, அன்றைய டிவி அதோடு முடிந்தது. கடையில் பொக்ஸ் வாங்கும்போது பிளக்கைக் கழற்றித் திரும்பக் குத்திக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் அடப்டரில் ஓடுகிற பொக்ஸ் என்றால், சோலரும் பற்றரியும் உள்ள வீட்டில் இன்வேர்ட்டர் இல்லாமலே ஓட்ட வழி இருக்கிறது. ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே டிவி பார்த்த காலத்தைக் கண்ட ஆட்களுக்கு இதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. காசு கட்டியிருக்கிறோம் என்ற அனுமதியும் அதே அலையில்தான் பொக்ஸுக்கு வருகிறது. பொக்ஸ் பல நாள் நிறுத்திக் கிடந்தால் அந்த அனுமதி புதுப்பிக்கப்படாமல் போய், காசு இருந்தும் படம் வராது. அம்மா இரண்டு மாதம் கொழும்பில் நின்றுவிட்டு வந்து பொக்ஸைப் போட்டால் இதுதான் நடக்கும். ஒரு சனலில் விட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும், அப்படியும் வராவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு அடித்துத் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும்.

மழையும் இருக்கிறது. இந்தச் சின்ன டிஷ்கள் பிடிக்கும் அலைகளைப் பலத்த மழை குடித்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், அதற்கு மருந்து கிடையாது. பொறுத்திருந்தால் மழை விட்டதும் வரும். இடிக்குத்தான் பயப்பட வேண்டும். இடி முழங்கத் தொடங்கினால் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ்ஷில் இருந்து வரும் கேபிளையும் பொக்ஸில் இருந்து திருகிக் கழற்ற வேண்டும். குரங்கு ஏறுகிற வளவு என்றால் டிஷ்ஷை ஓட்டுக் கூரையில் பூட்டாமல், நிலத்தில் கொங்கிறீற் போட்டு இரும்புத் தூணில் பூட்டுங்கள். குரங்கு பாய்ந்து ஒரு விரல் அளவு அசைத்துவிட்டாலே படம் போய்விடும்.

இனி அந்தக் கைட்டின் எழுத்து. நான் பார்த்த டிஷ் பொக்ஸ்களில் நிகழ்ச்சிப் பெயர்கள் அநேகமாக ஆங்கில எழுத்தில்தான் வருகின்றன, தமிழ்த் தொடர்களின் பெயர் உட்பட. தமிழில் அனுப்ப முடியாது என்று இல்லை. டிஜிட்டல் ஒளிபரப்புத் தரம் முதலில் நம்பியிருந்த எழுத்துத் தொகுதிகளில் தமிழ் இல்லைதான், ஆனால் எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யுனிகோடில் அனுப்புவதற்கும் அதே தரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். அனுப்புகிறவர் அனுப்பவும் வேண்டும், பொக்ஸுக்குள் தமிழ் எழுத்துரு இருக்கவும் வேண்டும். தமிழ்ப் பார்வையாளரிடம் மாதாமாதம் காசு வாங்கும் சேவைகள் இதைச் செய்யாமல் இருப்பது சரியில்லை என்று நான் நினைக்கிறேன், கேட்கும் இடத்தில் எல்லாம் கேட்கவும் வேண்டும். அதுவரை நம் வீடுகளில் கைட் இருப்பது கலண்டர் மட்டையில்தான். தர்மபுரத்தில் ஒரு வீட்டில் பொலித்தீன் சுற்றிய ரிமோட்டின் பின்புறத்தில் ஒரு சின்னக் கடதாசி ஒட்டியிருந்தது. பேத்தி பெரிய எழுத்தில் எழுதியது. 'செய்தி', 'நாடகம்', 'கோயில்' என்று மூன்று சொல், பக்கத்தில் மூன்று இலக்கம். அந்த அம்மம்மாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆகவே சனல் இலக்கங்களை அடிக்கடி மாற்றாத சேவைதான் முதியவர்களுக்கு நல்ல சேவை. வாங்குவதற்கு முன் அயலில் பாவிப்பவர்களிடம் இதை விசாரியுங்கள், விலையை விட இது முக்கியம்.

இந்தியப் பொக்ஸ்களுக்கு வருவோம், ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப்பேர் மனதுக்குள் அதைத்தான் நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். சன் டைரக்ட் என்ற இந்திய டிஷ் சேவை 2007 கடைசியில் வந்தபோதே, படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய எம்பெக் 4 முறையில் வந்தது, தமிழ்ச் சனல்கள் அள்ளிக் கொட்டும், இந்தியாவுக்குக் குறிவைத்த அலை பாக்கு நீரிணையோடு நின்றுவிடுவதும் இல்லை. அது வருகிற, 93.5 பாகை கிழக்கில் நிற்கும் செய்மதிக்கு நம் பகுதியில் டிஷ் தென்கிழக்குப் பக்கமாக, ஏறக்குறைய 70 பாகை உயரத்தைப் பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்க்கிற மாதிரித்தான், தூரத்து மரங்கள் மறைக்காது. கைட் நேரத்திலும் சிக்கல் இல்லை. இலங்கை நேரம் இந்திய நேரத்தில் இருந்து விலகி நின்ற பத்து வருடத்தில் வன்னியில் பழைய நேரத்தையே பாவித்தார்கள் என்பது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2006 சித்திரையில் நாடு முழுவதும் அந்த நேரத்துக்கே திரும்பியதால் சென்னைக் கைட்டில் 8 மணி என்றால் நமக்கும் 8 மணிதான்.

ஆனாலும் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இதைப் போடாதீர்கள். அந்தச் சேவைகள் இந்தியாவுக்குள் வழங்க அனுமதி பெற்றவை. இங்கே உரிமம் இல்லாத பொக்ஸை விற்பதும் பூட்டுவதும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு பிடிக்கக்கூடிய விஷயம். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், பொக்ஸ் யாரோ ஒருவருடைய இந்திய முகவரியில் பதிவாகி இருக்கும், ரீலோட்டுக்கு இடையில் ஒரு ஆளை நம்ப வேண்டும், அவர் போனை எடுக்காவிட்டால் படம் இல்லை. எனக்கும் ஒருமுறை ஒரு கடையில் கொடுத்த காசு பொக்ஸுக்குப் போய்ச் சேராமலே போயிருக்கிறது, முறையிட இடமே இல்லை. அங்கே நடக்கும் மாற்றமும் நம் தலையில் விழும். 2010 ஆடியில் இன்சாட் 4பி செய்மதியில் மின்சக்திக் கோளாறு வந்து சன் டைரக்ட் வேறு செய்மதிக்கு மாற வேண்டி வந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் டிஷ்ஷைத் திருப்ப அந்தக் கொம்பனியின் ஆள் மல்லாவிக்கு வரப்போவதில்லை. 2019 மாசியில் சனல்களை ஒவ்வொன்றாகத் தெரிந்து காசு கட்டும் முறை இந்தியாவில் வந்தது, அந்தத் தெரிவையும் இங்கே இருப்பவர் இன்னொருவர் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விட, நம் செய்தி அதில் வராது. சக்தி, வசந்தம், நேத்ரா ஒன்றும் இல்லை. சென்னையில் மழை என்று தெரியும், இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தது தெரியாது.

மாதக் காசே கட்டாத இந்திய அரசின் இலவச டிஷ் ஒன்றும் இருக்கிறது. தமிழ் அதில் குறைவு, பொதிகையாக இருந்து 2024இல் டிடி தமிழ் ஆன சனலும் இன்னும் சிலதும்தான். அதற்காக ஒரு டிஷ் பூட்டுவது பிரயோசனம் இல்லை.

பியோ டிவி வேறு வகை. 2008இல் வந்தது, டெலிகொம் லைனில் ஓடுகிறது, டிஷ் கிடையாது. நீங்கள் பார்க்கிற சனல் மட்டும் லைனில் உங்கள் வீட்டுக்கு வரும், கைட் எங்கோ உள்ள சேர்வரில் இருக்கும். கரண்ட் போய் வந்தாலும் சேர்வரில் உள்ளது அழியாது, கேட்டவுடன் வரும். போன நிகழ்ச்சியைப் பின்னுக்குப் போய்ப் பார்க்கிற வசதி, எல்லாச் சனலிலும் இல்லாவிட்டாலும், வயலுக்குப் போய்விட்டுப் பிந்தி வருகிறவர்களுக்குப் பெரிய வரம். மழை படத்தைத் தொடாது. அம்மாவுக்குப் போடக்கூடிய பொக்ஸ்களில் கைட் உண்மையாகவே உதவி செய்வது இதில்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் டெலிகொம்மின் ஃபைபர் லைன் உங்கள் ஒழுங்கைவரை வந்திருக்க வேண்டும். ஏ9 வீதிப் பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம், நெடுங்கேணிக்கு உள்ளே, ஒட்டுசுட்டான் காட்டோரம் என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள். பொக்ஸ், ரௌட்டர் என்று இரண்டு சாமானுக்குக் கரண்ட் வேண்டும், ரௌட்டர் எழும்பும் முன்னர் பொக்ஸ் எழும்பினால் பிழைச் செய்தி காட்டி நிற்கும், திரும்ப நிறுத்திப் போட வேண்டி வரும். ரௌட்டருக்குச் சின்ன யு.பி.எஸ் ஒன்று சேர்த்து வாங்குங்கள், அதை இதன் விலையோடேயே கணக்குப் பாருங்கள்.

அன்ட்ரொய்ட் பெட்டியைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் மறுக்கமாட்டேன். யூடியூப் போதும் என்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் எச்.டி படம் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி அளவுக்குத் தின்னும், சிம் டேட்டாவில் ஓடுகிற வீட்டில் மாதம் பாதியில் நின்றுவிடும். அதில் சனல் இலக்கம் இல்லை, கலண்டர் மட்டையில் எழுத ஒன்றும் இல்லை, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் படங்கள் இடம் மாறி நிற்கும். வெளிநாட்டில் இருந்து வரும் பெட்டிகளில் 'எல்லாச் சனலும் வரும்' என்று ஏற்றிக் கொடுக்கிற களவுச் சேவைகள் ஒரு இரவில் காணாமல் போகும், வருடக் காசும் அதோடு போகும். அவற்றின் கைட் நேரமும் அநேகமாகப் பிழை. ரொறொன்ரோ நேரத்திலேயே விட்டிருந்தால் இரவு 8 மணி நாடகம் கோடைகாலத்தில் காலை 10.30 என்று காட்டும். நேர வலயத்தை முதலில் கொழும்புக்கு மாற்றுங்கள், பாதிக் குழப்பம் போகும்.

என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஃபைபர் வந்த இடத்தில், வீட்டில் ஒரு இளம் ஆளாவது இருந்தால், பியோ. ஃபைபர் வராத ஊரில், அம்மா அப்பா மட்டும் இருக்கும் வீட்டில், இங்கே உரிமம் உள்ள டிஷ் சேவை ஒன்று முற்கட்டண முறையில், ரீலோட்டை நீங்களே வெளிநாட்டில் இருந்து போடக்கூடிய மாதிரி, கூடவே கொக்காவிலுக்கு முகம் வைத்த பழைய அன்ரெனா. பொக்ஸ் இலக்கத்தை அடியில் இருந்து படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள், சேவைக்கு அடிக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். பூட்ட வருகிறவர் போகும் முன்னர் மெயின் சுவிட்சை ஒருமுறை நிறுத்திப் போடச் சொல்லி, படம் தானாக வருகிறதா என்று அம்மாவையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வராவிட்டால் செட்டிங்கில் கரண்ட் வந்ததும் எழும்புகிற தெரிவு இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள், இல்லை என்றால் அந்தப் பொக்ஸை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து வேறொன்று கேளுங்கள்.